ஒரு சொல்லைச் சுமந்து திரிந்த மாதங்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தன் அப்பாவின் பணிச் சான்றிதழைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். தட்டச்சில் அடித்த பழைய தாள். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. மொத்தமே ஏழெட்டு வரிதான். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அவர் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. தாளை மேசைமேல் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். “தம்பி, எங்கப்பா 32 வருஷம் ஒரே இடத்துல வேலை பார்த்தவர். ஒரு நாள்கூட அவர்மேல ஒரு சொல் வந்ததில்ல. அவரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே?”

மூலத்தில் இருந்த வாக்கியம், ‘ஹி டிஸ்சார்ஜ்ட் ஹிஸ் டியூட்டீஸ் வித் டிலிஜன்ஸ்.’ தன் கடமைகளைக் கருத்தோடு செய்து முடித்தார் என்று பொருள். நான் எழுதிக் கொடுத்தது, ‘அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.’ அவரைப் பாராட்டி எழுதிய வரி, என் கைக்கு வந்ததும் அவரை வெளியே அனுப்பிய வரியாகிவிட்டது.

தப்பு எங்கே நடந்தது என்று அப்போதே புரிந்தது. டிஸ்சார்ஜ் என்றால் எனக்கு ஆஸ்பத்திரிதான். நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க என்று சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். அந்த ஒரே பொருளை வைத்துக்கொண்டு வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டேன். இன்னொன்றும் செய்திருந்தேன். அதுதான் இப்போதும் மனதை உறுத்துகிறது. ‘வித் டிலிஜன்ஸ்’ என்ற இரண்டு சொற்களுக்கு என் வாக்கியத்தில் இடம் கிடைக்கவில்லை. ஒருவரைக் கருத்தோடு எப்படி விடுவிப்பது? பொருந்தவில்லையே என்று நின்று யோசித்திருக்க வேண்டும். சான்றிதழ்களில் இப்படி ஏதாவது சேர்த்து எழுதுவார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வாக்கியத்தில் ஒரு சொல் இடம் கிடைக்காமல் வெளியே நின்றால், அந்தச் சொல்லைத் தள்ள மாட்டேன். மற்ற சொற்களுக்கு நான் எடுத்த பொருளைத்தான் சந்தேகப்படுவேன். ஆங்கிலம் படிக்கிற யாரைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த வரியை எப்படித் திருத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். டிஸ்சார்ஜ் என்ற சொல்லை மட்டும் சரிசெய்துகொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதன் தாய்ச்சொல்லான சார்ஜை எடுத்து உட்கார்ந்தேன். தினமும் வாயில் வருகிற சொல். போனுக்குச் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், சார்ஜ் ஷீட், லத்தி சார்ஜ், இன்சார்ஜ் என்று தமிழ் பேசும்போதே ஐந்து பொருளில் அதைப் பயன்படுத்துகிறோம். தெரியாத சொல் நம்மை அகராதிக்கு அனுப்பிவைக்கும். தெரிந்த சொல் அனுப்பாது. ஆங்கிலத்தில் நான் இதுவரை செய்த பெரிய தவறுகள் எல்லாமே எனக்குத் தெரியும் என்று நினைத்த சொற்களில் நடந்தவைதான்.

அகராதியில் சார்ஜுக்குக் கீழே வரிசையாக எண் போட்டுப் பொருள்கள் இருந்தன. கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ச்சல், மின்னேற்றம், வெடிமருந்தின் அளவு, பராமரிப்பில் உள்ள குழந்தை என்று நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்றுதான் நினைவில் இருந்தது, அதுவும் ஏற்கெனவே தெரிந்த மூன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஏழு பேரை ஒரே நாளில் அறிமுகம் செய்துவைத்தால் யார் முகம் நினைவிருக்கும்?

வழி திறந்தது அந்தப் பதிவின் கடைசியில், பொடி எழுத்தில் இருந்த சொற்பிறப்புக் குறிப்பில். அதுவரை நான் அந்தப் பகுதியைப் படித்ததே இல்லை. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து வந்த வினைச்சொல் வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. அப்படியானால் இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரே ஒரு காட்சி. ஒரு வண்டி நிற்கிறது, அதன்மேல் யாரோ பாரம் ஏற்றுகிறார்கள்.

அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு பட்டியலுக்குத் திரும்பினேன். ஒருவர் தலையில் பணச் சுமையை ஏற்றினால் கட்டணம். பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. வேலையை ஏற்றினால் பொறுப்பு. பீரங்கிக்குள் மருந்தை ஏற்றினால் வெடிமருந்தின் அளவு. பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றினால் மின்னேற்றம். ஒருவர் சுமந்து காக்கிற பிள்ளையும் அவருடைய சார்ஜ்தான். பாய்ச்சலைப் பிறகு பார்ப்போம், மற்ற ஆறு பேரும் ஒரே குடும்பம்.

அப்புறம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் தெரிந்தது. இதே காட்சி தமிழிலும் இருக்கிறது. பழி சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம். பொறுப்பு என்ற சொல்லே பொறு என்ற வினையில் பிறந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். இன்னும் பக்கத்தில் பாருங்கள். போனைச் செருகிவிட்டு என்ன சொல்கிறோம்? சார்ஜ் ஏறுது. கொஞ்ச நேரம் கழித்து, சார்ஜ் இறங்கிடுச்சு. சரக்கு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள அதே வினைகள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தமிழ்க் காது அந்தச் சொல்லுக்குள் இருந்த வண்டியைக் கண்டுபிடித்துவிட்டது. இது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது. ஆங்கிலச் சொல்லின் அடிக்காட்சி தெரிந்துவிட்டால், அது தமிழில் எந்த வினையில் உட்காரும் என்று நம் மொழிக்குள்ளேயே தேடலாம். பல நேரம் கிடைக்கும்.

மின்சாரப் பொருள் வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பீரங்கியைச் சுடுவதற்கு முன் அளந்து போடும் மருந்துக்குச் சார்ஜ் என்று பெயர் இருந்தது. 1745, 1746 வாக்கில் லெய்டன் ஜாடி கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, தொட்டால் ஒரே அதிர்ச்சியாக வெளிவிடும் கருவி. சேர்த்துவை, ஒரே அடியாக வெளிவிடு என்ற நடைமுறை பீரங்கியைப் போலவே இருந்ததால் அந்தச் சொல் இதற்கும் வசதியாகப் பொருந்தியது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் இறுதியில் இப்படிப்பட்ட ஜாடிகளை வரிசையாக இணைத்து, அந்த அமைப்புக்குப் பேட்டரி என்று பெயர் வைத்தார். பேட்டரி என்பது அதற்கு முன் பீரங்கி வரிசையின் பெயர். ஆக, பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று நாம் அன்றாடம் சொல்லும் வாக்கியத்தின் இரண்டு ஆங்கிலச் சொற்களுமே பீரங்கிக்காரர்கள் பேசியவை. தமிழில் இதற்கு மின்னேற்றம், மின்னூட்டம் என இரண்டு சொற்கள் உண்டு. முதலாவதில் சுமை ஏற்றும் காட்சி அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் காட்சி. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் சார்ஜின் மற்ற பொருள்களோடு சேர்த்து நினைவில் வைக்க முதலாவதுதான் உதவும்.

காட்சியை எல்லா இடத்திலும் வலிந்து திணிக்கக் கூடாது. பாய்ந்து தாக்குவது என்ற பொருளில் நான் தடுமாறினேன். 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியப் போரின் பலக்ளாவா சண்டையில், பிரிட்டிஷ் இலகுக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து போய்ப் பெரும் இழப்பைச் சந்தித்தது. ஆங்கிலத்தில் அந்தப் பாய்ச்சலின் பெயர் சார்ஜ். இதில் சுமை எங்கே? குதிரையும் வீரனுமாகத் தங்கள் முழுப் பாரத்தையும் எதிரிமேல் கொண்டுபோய்ப் போடுவது என்று நானாக ஒரு படம் வரைந்து வைத்துக்கொண்டேன். அது நினைவுக்கு நான் கட்டிய கயிறு மட்டுமே. சொல்லின் வரலாறாக அதை யாரிடமும் சொல்ல மாட்டேன். மனதில் நிற்பதற்காகச் செய்த கதை எது, உண்மையான பிறப்பு எது என்று நோட்டில் வேறு வேறு நிறத்தில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து இரண்டும் கலந்துபோகும்.

சரி, அடிக்காட்சி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு படித்தால் பொருள் புரிந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் அது போதாது என்று தெரிந்தது. கூடவே எந்தச் சின்னச் சொல் வரும்? வித்தா, ஃபாரா, டுவா, அட்டா? இதற்கு வண்டி பதில் சொல்லாது.

ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து திரியும் சொற்களை வைத்துத்தான் அறிய முடியும் என்று ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1957இல் எழுதினார். அந்த ஒரு கருத்தை நடைமுறையில் பிடித்துக்கொண்டேன். நோட்டில் சார்ஜுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நடுவில் ஒரு வண்டி வரைந்து, அதைச் சுற்றிக் கூட்டாளிச் சொற்களோடு சேர்த்தே எழுதினேன். தனிச் சொல்லாக எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். ‘சார்ஜ் சம்ஒன் வித் தெஃப்ட்’ என்றால் திருட்டுக் குற்றம் சுமத்துவது. ‘சார்ஜ் சம்ஒன் ஃபார் தி ரிப்பேர்’ என்றால் பழுதுபார்த்ததற்குக் காசு வாங்குவது. ‘சார்ஜ் இட் டு மை அக்கவுண்ட்’ என்றால் என் கணக்கில் ஏற்று என்பது. ‘சார்ஜ் அட்’ என்றால் ஒருவரை நோக்கிப் பாய்வது. வித், ஃபார் இரண்டையும் மாற்றிப் போட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கவுண்ட்டரில் காசு கட்டுபவராகிவிடுவார்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த அகராதிகளை அப்போதுதான் மதிக்கத் தொடங்கினேன். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து தொகுத்து, 1942இல் அங்கேயே வெளிவந்த அகராதிதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியாக வளர்ந்தது. ஒரு வினைச்சொல் எந்த அமைப்பில் வரும் என்று காட்டுவது அதன் பலம். 1987இல் வந்த கோபில்ட் அகராதி பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. யார் யாரை எதற்காக என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். என் பரிந்துரை இதுதான்: எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். பொருளை நீங்களே ஊகியுங்கள். அப்புறம் மேலே போய்ச் சரிபாருங்கள். ஊகித்துக் கண்டுபிடித்த பொருள் எனக்கு மறப்பதில்லை.

‘சார்ஜ்ட் வித்’ என்பதை மட்டும் நான் ஒரு வாரம் வைத்துக்கொண்டு திண்டாடினேன். குற்றத்துக்கும் அதுதான் வருகிறது, பொறுப்புக்கும் அதுதான் வருகிறது. பின்னால் குற்றத்தின் பெயர் வந்தால் குற்றச்சாட்டு, ‘இங்’ என்று முடியும் வினை வந்தால் பொறுப்பு என்று ஒரு விதி எழுதினேன். இரண்டே நாளில் அது உடைந்தது. ‘சார்ஜ்ட் வித் ஸ்டீலிங் தி மணி’ என்று ஒரு வாக்கியம் எதிரில் வந்தது. ‘இங்’ இருக்கிறது, ஆனால் இது குற்றச்சாட்டு. ‘சார்ஜ்ட் வித் ஃபைண்டிங் தி மணி’ என்றால் பணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு. இலக்கண வடிவம் ஒன்றே. அந்தச் செயல் குற்றமா, கடமையா என்று பார்த்துத்தான் பொருளை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு விதி எழுதுவதை அதன் பிறகு குறைத்துக்கொண்டேன். பத்து எடுத்துக்காட்டாவது சேர்ந்த பிறகுதான் இப்போது விதி என்று ஒன்றை எழுதுகிறேன், அதுவும் பென்சிலில்.

செய்திகளை மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்பேன். ‘சார்ஜ்ட்’ என்றால் குற்றம் சாட்டப்பட்டார் என்று மட்டும்தான். குற்றம் செய்தார் என்று ஆகாது. குற்றம் நிரூபணமானால் ஆங்கிலத்தில் ‘கன்விக்டட்’ என்று வேறு சொல் வரும். ‘அக்யூஸ்’ என்பது இன்னும் தளர்வானது, யார் வேண்டுமானாலும் யாரையும் அக்யூஸ் செய்யலாம். அதனோடு ‘ஆஃப்’ சேரும். சார்ஜ் என்னும்போது பெரும்பாலும் காவல்துறையோ அரசுத் தரப்போ முறைப்படி சுமத்துவது. இந்த மூன்றையும் கலந்தால் ஒரு மனிதரின் பெயர் கெட்டுப்போகும். சான்றிதழ் விஷயத்தில் பட்டவன் என்பதால் இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன்.

அடுத்தது ‘இன் சார்ஜ் ஆஃப்’. ஒரு குழந்தைகள் காப்பகத்தின் அறிவிப்பைச் சரிபார்க்க வந்தது. அதில், ‘தி சில்ட்ரன் ஆர் இன் சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்று இருந்தது. எழுதியவர் சொல்ல நினைத்தது, குழந்தைகள் செவிலியின் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது. ஆங்கிலம் சொல்வதோ, செவிலியைக் குழந்தைகள் மேற்பார்க்கிறார்கள் என்று. சார்ஜுக்கு முன்னால் ஒரு ‘தி’ போட்டு, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்று எழுதினால் சரியாகிவிடும். ஒரு குட்டிச் சொல் யார் யாரைச் சுமக்கிறார் என்பதையே தலைகீழாக்குகிறது. இதற்கு என்னிடம் உள்ள வழி, வாக்கியத்தை எழுதியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பது: இங்கே சுமப்பவர் யார், சுமை எது? எழுவாய் சுமப்பவராக இருந்தால் ‘இன் சார்ஜ் ஆஃப்’. எழுவாயே சுமையாக இருந்தால் ‘இன் தி சார்ஜ் ஆஃப்’. அப்போதும் சந்தேகம் இருந்தால் செவிலியை எழுவாயாக்கி, ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சில்ட்ரன்’ என்று எழுதிவிடுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை. கூடவே இன்னொன்று. தமிழில் ‘அவர்தான் இன்சார்ஜ்’ என்று ஆளுக்கே பெயராக வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் பொதுவாக அப்படி வராது, ‘தி பர்சன் இன் சார்ஜ்’ என்றுதான் எழுத வேண்டும்.

அதே குடும்பத்தில் இன்னொரு பள்ளம். கதைகளில் ‘தி நானி அண்ட் ஹெர் சார்ஜஸ்’ என்று வரும். இதை ஒரு மாணவர் ‘ஆயாவும் அவருடைய கட்டணங்களும்’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயாவும் அவர் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் என்று பொருள். இடுப்பில் சுமக்கும் பிள்ளையை நினைத்துக்கொள் என்று சொன்னேன். அவர் அதை மறந்ததே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘சார்ஜர்’ என்றால் பெரிய தட்டு என்ற பொருளும் உண்டு. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் திருமுழுக்கு யோவானின் தலையைச் சார்ஜரில் வைத்துக் கேட்பதாக வரும் இடம் அதுதான். போர்க்குதிரைக்கும் அதே பெயர். பழைய நூல்களைப் படிக்காதவர்களுக்கு இவை தேவையில்லை.

பணம் சம்பந்தப்பட்ட சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாமானுக்கு ‘பிரைஸ்’, பயணத்துக்கு ‘ஃபேர்’, மருத்துவர், வக்கீல், பள்ளி போன்ற இடங்களில் ‘ஃபீ’, ஒரு சேவைக்கு வாங்குவது ‘சார்ஜ்’. ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்பதில் நடுவில் ‘எ’, ‘தி’ எதுவும் வராது. ‘டேக் சார்ஜ்’ என்பதிலும் அப்படியே. போன் அணைந்துபோனால், ‘மை போன் இஸ் டெட்’ அல்லது ‘ஐ ஹாவ் ரன் அவுட் ஆஃப் பேட்டரி’ என்பதுதான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் வாயில் இயல்பாக வருவது. நாம் சார்ஜ் இல்லை என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கிறோம். புரியும், ஆனால் காதில் வேறுமாதிரி விழும். உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். ‘சார்ஜ்ட்’ ஒரே அசை. சார்ஜெட் என்று இழுக்கக் கூடாது. ‘சார்ஜஸ்’ இரண்டு அசை.

‘சார்ஜ்ட்’ பெயரடையாக வரும்போது மொழிபெயர்க்க எனக்கு ஆசையாக இருக்கும். ‘எ சார்ஜ்ட் சைலன்ஸ்’. முதலில் கனத்த மௌனம் என்று எழுதினேன். சுமை என்ற அடிக்காட்சிக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது தப்பாகப் பட்டது. கனத்த மௌனத்தில் துயரம் இருக்கிறது. சார்ஜ்ட் மௌனத்தில் இருப்பது வெடிக்கக் காத்திருக்கும் விசை. லெய்டன் ஜாடியைத் தொடுவதற்கு முந்தைய நொடி அது. அந்த இடத்தில் ‘எந்த நேரமும் வெடிக்கலாம் என்பதுபோல் ஒரு மௌனம்’ என்று நீட்டித்தான் எழுதினேன். அடிக்காட்சி நம்மைச் சரியான வீட்டுக்குக் கூட்டிப்போகும், எந்த அறை என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது டிஸ்சார்ஜுக்கு வருகிறேன். ஏற்றியதை இறக்குவது. அவ்வளவுதான். பேட்டரி தன் சுமையை இழந்தால் டிஸ்சார்ஜ். துப்பாக்கி வெடித்தால், உள்ளே ஏற்றிய மருந்து வெளியேறுவதால் டிஸ்சார்ஜ். புண்ணிலிருந்து சீழ் வடிந்தாலும், ஆலையிலிருந்து கழிவுநீர் வெளியேறினாலும், ஆற்றில் நொடிக்கு இத்தனை கன அடி நீர் போகிறது என்றாலும் அதே சொல். கடனைத் தீர்த்தால் அதுவும் டிஸ்சார்ஜ். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி தன் பொறுப்பை இறக்கி வைக்கிறது. வீரரைப் படையிலிருந்து விடுவிக்கும்போதும் இதே சொல்தான்.

அப்படியானால் கடமையை டிஸ்சார்ஜ் செய்வது என்றால் ஏன் கடமையைச் செய்து முடிப்பது? இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். தோளில் மூட்டையோடு ஒருவர் நடக்கிறார். வழியில் அதைத் தூக்கி எறிந்தாலும் தோள் காலியாகும். சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி வைத்தாலும் தோள் காலியாகும். ‘டிஸ்சார்ஜ்ட் ஹிஸ் டியூட்டீஸ்’ என்பது இரண்டாவது. சுமையைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத் தோளை நிமிர்த்துவது. கடன் தீர்ந்தது என்று நாம் சொல்லும்போது உள்ள அதே நிம்மதி அதில் இருக்கிறது. ‘வாஸ் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் ஹிஸ் டியூட்டீஸ்’ என்றால் கதை வேறு. அங்கே சுமையை வேறொருவர் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறார். ‘வாஸ்’ இருக்கிறதா, ‘ஃப்ரம்’ இருக்கிறதா என்று நான் அன்று பார்த்திருந்தால் போதும். செய்தவரைச் செய்யப்பட்டவராக மாற்றியிருக்க மாட்டேன்.

பயிற்சி எப்படிச் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: ஒரு சொல்லுக்குக் குறைந்தது இரண்டு வாரம். பத்து நாளில் ஆயிரம் சொற்கள் என்று வரும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பொருளைக் கொடுத்து, நான் செய்த தவறுக்கு ஆள்களைத் தயார் செய்கின்றன. ஒரு நல்ல ஆங்கில வாக்கியத்தை எடுத்துத் தமிழில் எழுதுவேன். மறுநாள் ஆங்கிலத்தைப் பார்க்காமல் என் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்துக்கு ஃபார் போட்டதும், ‘தி’ விட்டுப்போனதும் அப்படியே தெரியும். யாரும் திருத்தித் தர வேண்டாம். அந்தப் பிழைகளை மட்டும் சிவப்பில் எழுதி வைக்கிறேன். என் நோட்டில் மிகவும் பயன்படும் பக்கங்கள் அந்தச் சிவப்புப் பக்கங்கள்தான்.

எந்தச் சொல்லை முதலில் எடுப்பது? தமிழ் பேசும்போது தானாக வாயில் வரும் ஆங்கிலச் சொற்களை எடுங்கள். இஷ்யூ, ஆர்டர், பாஸ், கவர், லைன், பேலன்ஸ், பார்ட்டி. ஒவ்வொன்றையும் நாம் ஒன்றிரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம், ஆங்கிலமோ பத்துப் பொருளில் பயன்படுத்துகிறது. இடையிலுள்ள அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறோம். சார்ஜ் முடிந்ததும் நான் எடுத்தது இஷ்யூ. அதன் அடியில் ‘வெளியே வருதல்’ என்ற காட்சி இருக்கிறது. பத்திரிகையின் இதழ் ஏன் இஷ்யூ, சட்ட ஆவணங்களில் பிள்ளைகள் ஏன் இஷ்யூ என்பதெல்லாம் ஒரே நாளில் விளங்கியது.

அந்தச் சான்றிதழ் என்ன ஆயிற்று என்று இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அங்கேயே வரியைத் திருத்தினேன். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. நல்ல அகராதி ஒன்றும், பக்கத்து மேசையில் அனுபவமுள்ள ஒருவரும் இருந்தார்கள். ‘தம் கடமைகளைக் கருத்தாக நிறைவேற்றினார்’ என்று எழுதி அவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் போனை எடுத்தார். அப்பாவுக்குத்தான். மறுமுனையில் பெரியவர் எடுத்ததும், “அப்பா, திருத்திட்டாங்க, கேளுங்க” என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் போனிலிருந்து நடுங்கும் குரலில் ஆங்கில வாக்கியம் முழுவதும் வந்தது, ஒரு சொல் விடாமல். அத்தனை வருடமாக அவர் அதை மனதில் வைத்திருந்தார்.

“டிலிஜன்ஸுக்கு என்ன போட்டிருக்கார்?” என்று கேட்டார்.

“கருத்தாகன்னு போட்டிருக்காருப்பா.”

சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரிம்மா, அது சரி” என்றார்.